விதிவிலக்காக உள்ளே விடப்பட்ட விஞ்ஞானி லீஸே மைட்னர்

விஞ்ஞானத் துறையில் பெண்கள் பணியாற்றுவது இன்று எவருக்கும் வியப்பூட்டும் செய்தியல்ல. பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடங்களிலும் மருத்துவ ஆய்வுகூடங்களிலும் விவசாய ஆராய்ச்சி நிலையங்களிலும் பெண்கள் கடமையாற்றுவதை நாம் நாளாந்தம் காண்கின்றோம். எனினும், வேலைத்தளத்தின் வாயிற்கதவு திறக்கப்பட்டதனால் மாத்திரம் உள்ளேயிருப்போரின் மனப்பாங்கும் மாறிவிட்டதெனக் கொள்வதற்கில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் எத்துணை நீண்ட காலம் கழிய வேண்டியிருக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அணுக்கரு பிளவுபடுவதை உலகுக்கு விளக்கிய லீஸே மைட்னர் அம்மையாரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமானது.

மைட்னர் 1878ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒஸ்ரியாவின் தலைநகரான வியன்னாவில், சட்டத்தரணி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். குடும்பம் யூத வம்சாவளியைச் சேர்ந்தது. அக்கால வியன்னாவில் பெண்பிள்ளைகளின் பாடசாலைக் கல்வி 14 வயதுடன் முடிவுக்கு வந்துவிடும். பெண்கள் அதற்கு மேல் கற்க வேண்டிய அவசியம் இல்லையென்பதே அன்றைய ஆட்சியாளரின் கருத்தாக இருந்தது. 1897இல்தான் ஒஸ்ரியப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. பாடசாலையை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்திருந்த மைட்னர், பிழைப்புக்கு ஒரு வழி வேண்டுமென்பதற்காகப் பிரெஞ்சு மொழி ஆசிரியைக்கான தகைமையைப் பெற்றுக்கொண்டார். அதன் பின்னர், ஆண்பிள்ளைகள் எட்டு ஆண்டுகளில் கற்கும் பாடங்களைத் தனியார் போதனையின் மூலம் இரண்டே ஆண்டுகளில் கற்று முடித்தார். 1901இல் பல்கலைக்கழக நுழைவுக்கான பரீட்சைக்கு அவருடன் தோற்றிய 14 பெண்களுள் சித்தியடைந்தவர்கள் 4 பேர் மாத்திரமே. அவர்களில் மைட்னரும் ஒருவர்.

வியன்னாப் பல்கலைக்கழகத்தில் லுட்விக் போல்ட்ஸ்மன் என்னும் பேராசானிடம் பௌதிகவியல் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. மாணவர்களைத் தமது சகபாடிகளைப் போல நடத்திய அந்த ஆசிரியரின் விரிவுரைகள் மைட்னரின் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்தன எனலாம். 1906இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒரு பெண்ணுக்கு வியன்னாவில் ஆய்வுத் தொழில் எதுவும் காத்திருக்கவில்லை. தந்தையார் அனுப்ப இணங்கிய சிறு தொகையை நம்பி, 1907இல் அவர் ஜேர்மனியின் பேர்லின் நகருக்குப் புறப்பட்டார். சில தவணைகள் மாத்திரம் தங்கும் எண்ணத்துடன் சென்றவர், 31 ஆண்டுகள் அங்கே வாழ நேர்ந்தது.

பேர்லினில் அவர் முதலில் நாடியது மக்ஸ் பிளாங்கின் விரிவுரைகளை. சக்திச் சொட்டுக் கொள்கையின் தந்தையாகப் போற்றப்படும் பிளாங்க், பத்து ஆண்டுகளுக்கு முன்னர், பெண்களின் உயர்கல்வி பற்றிப் பேராசிரியர்களிடம் நடத்தப்பட்ட கருத்துக் கணிப்பொன்றில் தமது நிலைப்பாட்டை வெளியிட்டிருந்தார். பெண்ணுக்கு இயற்கை விதித்த கடமை தாய்மையும் இல்லறமுமே என்பதும், அரிதாக அறிவாற்றல் மிக்க பெண் ஒருத்தி வந்தால் அவளுக்கு மாத்திரம், அதுவும் வேண்டும்போது மீளப்பெறத்தக்க வகையில் அனுமதி வழங்கலாம் என்பதும் அவரது கருத்தின் சாரமாகும். அந்த விதிவிலக்கான பெண்ணாகவே மைட்னர் அவரது விரிவுரை மண்டபத்தில் அமர்ந்தார். பிரசியப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் முறைப்படி அனுமதி பெறும் உரிமை அப்போது இருக்கவில்லை.

விரிவுரை கேட்பதுடன் நின்றுவிட மைட்னர் விரும்பவில்லை. பரிசோதனைகளில் ஈடுபட அவர் வழி தேடிய வேளையில், தம் வயதையொத்த இரசாயனவியலாளரான ஓட்டோ ஹான் கதிர்த்தொழிற்பாடு பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு பௌதிகவியலாளரின் துணையை எதிர்பார்த்திருந்தார். இருவரின் நோக்கமும் ஒன்றாயிருந்தும் இடம் தடையாயிற்று. ஹான் பணியாற்றிய இரசாயனவியல் நிறுவகத்தின் தலைவர் எமில் ஃபிஷர், 1902இல் நோபல் பரிசு பெற்ற மேதை. தமது ஆய்வுகூடங்களில் பெண்கள் கால் வைக்கக்கூடாதென்பது அவரது கட்டளை. பெண்களின் நீண்ட கூந்தலில் தீப்பற்றிவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அடர்ந்த தாடி வளர்த்திருந்த ஃபிஷருக்குத் தமது தாடியைப் பற்றி அத்தகைய அச்சம் எழவில்லைப் போலும்.

இறுதியில் ஓர் ஏற்பாடு காணப்பட்டது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முன்னர் மரவேலைக் கூடமாக இருந்த அறையில் மைட்னர் ஹானுடன் பணியாற்றலாம். தெருப்பக்கமாக அதற்கென உள்ள தனி வாயிலால் வந்து போக வேண்டும். மாணவர்கள் கற்கும் மேல்மாடி ஆய்வுகூடங்களுக்குச் செல்லலாகாது. கட்டடத்தில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லாமையால், அதற்காக அவர் அயலிலிருந்த உணவகமொன்றுக்குச் செல்ல வேண்டியிருந்தது. கலாநிதிப் பட்டம் பெற்ற பௌதிகவியலாளர் ஒருவருக்கு, 20ஆம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் தலைசிறந்த விஞ்ஞான நகரொன்றில் இருந்த நிலை இது. சம்பளம் எதுவும் இல்லை.

இத்தகைய பெரிய தடைகளுடன் நாளாந்தச் சிறுமைகளும் சேர்ந்துகொண்டன. வீதியில் ஹானும் மைட்னரும் ஒன்றாக நடந்து செல்லும்போது எதிர்ப்படும் இளம் ஆய்வாளர் சிலர், ஹானுக்கு மாத்திரம் பெயர் சொல்லி வணக்கம் தெரிவித்துவிட்டுச் செல்வர். குடும்பப் பெயருடன் முதலெழுத்தை மாத்திரம் இட்டு அவர் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகளைப் படித்து, கலைக்களஞ்சியத்துக்கு எழுதுமாறு கோர விரும்பிய பதிப்பாசிரியர் ஒருவர், எழுதியவர் பெண் எனத் தெரிந்தவுடன் அக்கோரிக்கையைக் கைவிட்டார். 1908இல் நோபல் பரிசைப் பெற்றுத் திரும்பும் வழியில் பேர்லினுக்கு வந்த ஏர்னஸ்ட் ரதர்போர்ட், தாம் படித்த கட்டுரைகளின் ஆசிரியர் ஓர் ஆண் என்றே அதுவரை எண்ணியிருந்தார். அவரும் ஹானும் கதிர்த்தொழிற்பாடு பற்றி உரையாடிக்கொண்டிருக்க, மைட்னர் திருமதி ரதர்போர்ட்டுக்குத் துணையாகக் கடைத்தெருவுக்குச் சென்றார். இவற்றில் எதையும் பெருங்கொடுமை என எவரும் கூறமாட்டார்கள். ஆனால் ஒருவரின் அறிவைப் பெற்றுக்கொண்டு அவரை அவையில் அமரவிடாத வழக்கம் இத்தகைய சிறு சம்பவங்களினாலேயே நிலைபெறுகின்றது.

1908இல் பிரசிய அரசு பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. சட்டம் மாறியதும் ஃபிஷரின் தடையும் தளர்ந்தது. மேல்மாடிக்குச் செல்லும் உரிமை மைட்னருக்குக் கிடைத்தது; பெண்களுக்கென மலசலகூடமும் அமைக்கப்பட்டது. இங்கு நாம் அவதானிக்க வேண்டியது, அதன் பின்னர் ஃபிஷரிடம் ஏற்பட்ட மாற்றமாகும். மைட்னரின் பணியை அண்மையிலிருந்து கண்ட அவர், காலப்போக்கில் அவரது ஆதரவாளராகவே மாறினார். பிளாங்கும் அவ்வாறே மாறினார். பெண்களின் இடம் இல்லமே எனக் கருத்து வெளியிட்டிருந்த அதே பேராசிரியர், 1912இல் மைட்னரைத் தமது உதவியாளராக நியமித்தார். பிரசியாவில் பெண்ணொருவருக்கு அத்தகைய பல்கலைக்கழகப் பதவி வழங்கப்பட்டது அதுவே முதற்தடவை. மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்துவதே பணியாயினும், 34 வயதை எட்டும் வேளையில் மைட்னர் பெற்ற முதல் ஒழுங்கான ஊதியம் அதுவாகும்.

பிளாங்க், ஃபிஷர் ஆகிய இருவரின் மனமாற்றமும் போதனையினால் ஏற்பட்டதன்று. ஒருபுறம் அரசின் சட்டம் தடையை அகற்றியது. மறுபுறம் நாள்தோறும் கண்முன் நிகழ்ந்த உழைப்பு தப்பெண்ணத்தைக் கரைத்தது. சட்டம் மாறாதிருந்தால் மைட்னரின் உழைப்பு கீழ்த்தளத்திலேயே மறைந்திருக்கும். உழைப்பு இல்லாதிருந்தால் சட்டம் ஏட்டில் தங்கியிருக்கும். வேலைத்தளங்களில் மனப்பாங்கு மாற வேண்டுமெனக் கூறுவோர் இவ்விரண்டில் ஒன்றை மாத்திரம் நம்பியிருத்தல் போதாது.

1912இல் பேர்லினின் டாலெம் பகுதியில் திறக்கப்பட்ட கைசர் வில்ஹெல்ம் இரசாயனவியல் நிறுவகத்துக்கு இருவரும் இடம்பெயர்ந்தனர். அங்கும் மைட்னர் தொடக்கத்தில் ஊதியமற்ற விருந்தினராகவே சேர்ந்து, அடுத்த ஆண்டே நிறுவகத்தின் உறுப்பினராக்கப்பட்டார். முதலாம் உலகப் போர் மூண்டதும் ஹான் படைச்சேவைக்குச் சென்றார். மைட்னரும் ஒஸ்ரியப் படையின் வைத்தியசாலைகளில் எக்ஸ் கதிர்ப் பிரிவில் காயமுற்றோருக்குத் தொண்டாற்றிவிட்டு ஆய்வுக்குத் திரும்பினார். புரோட்டக்ரீனியம் என்னும் மூலகத்தைக் கண்டறிவதற்கான பணியின் பெரும்பகுதியைப் போர்க்காலத்தில் அவரே முன்னின்று செய்தார். 1918இல் வெளியான கட்டுரையில் ஹானின் பெயர் முதலிலும் மைட்னரின் பெயர் அடுத்தும் இடம்பெற்றன. அன்றைய நட்பில் அது ஒரு பொருட்டாக அவருக்குத் தோன்றியிருக்காது. பின்னாளில் நிகழவிருந்தவற்றை அறிந்த நமக்கு அது கண்ணில் படாமலிருக்க முடியாது.

போரின் இறுதிக் கட்டத்தில் அவருக்கென ஒரு பௌதிகவியல் பிரிவு ஒப்படைக்கப்பட்டது. 1922இல் பல்கலைக்கழகத்தில் போதிக்கும் உரிமை பெற்று, பிரபஞ்ச நிகழ்வுகளில் கதிர்த்தொழிற்பாட்டின் முக்கியத்துவம் என்ற பொருளில் தமது முதல் உரையை நிகழ்த்தினார். செய்தி வெளியிட்ட பத்திரிகை, பிரபஞ்சத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாக அழகுசாதனத்தைக் குறிக்கும் சொல்லை அச்சிட்டது. ஜேர்மன் மொழியில் இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை. அச்சுப்பிழையென அதை ஒதுக்கிவிடலாம். எனினும் பேச்சாளர் ஆணாக இருந்திருப்பின் அந்தப் பிழை நேர்ந்திருக்குமா என வினவுவதில் தவறில்லை. பத்திரிகைத் தொழிலில் உள்ள நாமும் அவ்வினாவுக்கு விலக்கானவர்கள் அல்லர். 1926இல் அவர் பேர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி பெற்றார். ஜேர்மனியில் பௌதிகவியல் பேராசிரியரான முதற்பெண் அவரே.

இவ்வாறு 20 ஆண்டுகளில் படிப்படியாகக் கட்டியெழுப்பிய வாழ்வு, 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஆட்டம் கண்டது. யூத வம்சாவளியினர் என்ற காரணத்தால் அவரது போதிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. ஒஸ்ரியப் பிரஜையாக இருந்தமையால் நிறுவகத்தில் ஆய்வைத் தொடர இடமளிக்கப்பட்டது. மீண்டும் ஒரு விதிவிலக்கு. 1934இல் யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கும் புதிய ஆராய்ச்சியில் இறங்குமாறு ஹானைத் தூண்டியவர் மைட்னரே. பின்னர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்னும் இளம் இரசாயனவியலாளரும் இணைந்தார். 1938 மார்ச்சில் ஜேர்மனி ஒஸ்ரியாவை விழுங்கியதும் அந்தப் பிரஜாவுரிமையின் பாதுகாப்பும் மறைந்தது. நிறுவகத்தின் நலன் கருதி அவரை ஒதுங்குமாறு கூறும் நிலைக்கு ஹானும் வந்தார். அவ்வாண்டு ஜூலை 13ஆம் திகதி, ஒல்லாந்துப் பௌதிகவியலாளர் டேர்க் கொஸ்டரின் துணையுடன், சிறு கைப்பெட்டியும் 10 மார்க் பணமுமாக மைட்னர் எல்லையைக் கடந்தார். அவசரத்துக்கு உதவுமெனத் தமது தாயாரின் வைர மோதிரத்தைக் கொடுத்தனுப்பியவரும் ஹானே என்பதை இங்கு கூறாமல் விடுவது நியாயமாகாது. அப்போது மைட்னருக்கு வயது 59.

சுவீடனின் ஸ்டொக்ஹோமில், மான்னே சீக்பானின் நிறுவகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் போதிய கருவிகளோ உதவியாளர்களோ தரப்படவில்லை. தனிப் பிரிவொன்றை நிர்வகித்த பேராசிரியர் மீண்டும் மரவேலைக் கூட நாட்களுக்குத் தள்ளப்பட்டார். ஆய்வின் வழிகாட்டல் கடிதங்களின் வாயிலாகத் தொடர்ந்தது. நவம்பரில் கோபன்ஹேகனில் ஹானை இரகசியமாகச் சந்தித்தபோது, யுரேனியத்திலிருந்து கிடைத்ததாகக் கூறப்பட்ட ரேடியத்தை மீண்டும் கவனமாகச் சோதிக்குமாறு மைட்னர் வற்புறுத்தினார். சோதித்தபோது அது ரேடியமன்று, யுரேனியத்தின் ஏறத்தாழ அரைப்பங்கு திணிவே கொண்ட பேரியம் எனத் தெரியவந்தது. விளங்காத அம்முடிவை ஹான் கடிதமாக மைட்னருக்கு எழுதினார்.

அந்த நத்தார் விடுமுறையில், சுவீடனின் குங்கெல்வ் என்னும் சிறு நகரில், தமது சகோதரியின் மகனும் பௌதிகவியலாளருமான ஓட்டோ ஃபிரிஷுடன் பனியில் நடந்துகொண்டே மைட்னர் அப்புதிரை ஆராய்ந்தார். பெரிய அணுக்கரு ஒரு நீர்த்துளியைப் போன்றது. நியூத்திரன் மோதியதும் அது நீண்டு, இடையில் ஒடுங்கி, இரண்டாகப் பிரியக்கூடும். பிரிந்த இரு பகுதிகளினதும் மொத்தத் திணிவு, புரோத்தனின் திணிவில் ஐந்திலொரு பங்களவு குறைவாக இருக்கும் என்பதை மைட்னர் கணக்கிட்டார். குறைந்த திணிவை ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி சக்தியாக மாற்றினால், ஏறத்தாழ 200 மில்லியன் இலத்திரன் வோல்ற். பகுதிகள் ஒன்றையொன்று தள்ளும் விசையிலிருந்து பெற்ற கணிப்பும் அதுவே. கருப்பிளவின் பௌதிகவியல் விளக்கம் அங்கு பிறந்தது.

ஹானும் ஸ்ட்ராஸ்மனும் எழுதிய கட்டுரை 1939 ஜனவரியில் மைட்னரின் பெயரின்றி வெளியாயிற்று. நாஸி ஜேர்மனியில் நாடு கடந்த யூதப் பெண்ணின் பெயரைச் சேர்ப்பது இயலாத காரியம் என்பதை ஏற்கலாம். மைட்னரும் ஃபிரிஷும் எழுதிய விளக்கம் பெப்ரவரி 11ஆம் திகதி வெளிவந்தது. பின்னர், அக்கண்டுபிடிப்பைக் குண்டாக்கும் திட்டத்தில் சேருமாறு விடுக்கப்பட்ட அழைப்பை மைட்னர் நிராகரித்தார். 1945 நவம்பரில், 1944ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு ஹான் ஒருவருக்கு மாத்திரம் என அறிவிக்கப்பட்டது. தம் வாழ்நாளில் 40 தடவைகளுக்கு மேல் முன்மொழியப்பட்டும் மைட்னருக்கு அப்பரிசு ஒருபோதும் வழங்கப்படவில்லை.

பெண் என்பதனால் மாத்திரமே அவருக்கு இது நேர்ந்ததெனக் கூறுவது நேர்மையாகாது. அவர் ஓர் அகதி. இரசாயனவியல் பரிசுக்குரியோரைத் தெரிவுசெய்தோருக்குப் பௌதிகவியலின் பங்கு சரிவர விளங்கவில்லை. போர் விஞ்ஞானிகளிடையேயான தொடர்பையும் துண்டித்திருந்தது. ஆனால் நாஸி ஆட்சி வீழ்ந்த பின்னரும், ஆய்வில் மைட்னருக்கிருந்த பங்கை ஹான் நேர்செய்ய முன்வரவில்லை. கருப்பிளவு இரசாயனவியலின் தனிச் சாதனை என்றே கூறிவந்தார். 1950களில் மைட்னர் ஹானின் நீண்டகால உதவியாளராக வர்ணிக்கப்பட்டபோது, அவர் மனம் நொந்து, ஹானைத் தமது உதவியாளர் என எவரேனும் எழுதினால் அவருக்கு எப்படியிருக்கும் எனக் கேட்டுக் கடிதம் வரைந்தார். மூனிச் நகரின் ஜேர்மன் நூதனசாலையில், மைட்னரின் பிரிவுக்குரிய கருவிகளையும் கொண்ட ஆய்வு மேசை, பல தசாப்தங்களாக ஹானின் மேசை என்ற பெயருடனேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. சக ஆய்வாளரை உதவியாளராகக் காணும் கண்ணுக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

இளமையில் மைட்னர் பெண்ணுரிமை இயக்கங்களில் நாட்டம் கொள்ளவில்லை. திறமையும் உழைப்பும் போதுமென நம்பினார். முதுமையில் அக்கருத்தை அவரே மாற்றிக்கொண்டார். தமக்கு முன்னர் உரிமைக்காகப் போராடிய பெண்கள் இல்லையெனில் தமது வாழ்வு சாத்தியமாகியிராது என்பதை உணர்ந்து, தொழில்துறைகளில் பெண்களின் நிலை பற்றி 1960இல் கட்டுரையும் எழுதினார். 1966இல் ஹான், ஸ்ட்ராஸ்மன் ஆகியோருடன் அமெரிக்காவின் என்றிகோ பேர்மி விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1968 ஒக்டோபர் 27ஆம் திகதி, 90 வயதை எட்டுவதற்குச் சில நாட்களே இருக்கையில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் காலமானார்.

அவரது பெயர் மேசைக்குத் திரும்பி வரப் பின்னும் காலம் சென்றது. 1997இல் 109ஆம் மூலகத்துக்கு மைட்னேரியம் என்ற பெயர் உறுதி செய்யப்பட்டது. அவர் கால் நூற்றாண்டு உழைத்த டாலெம் கட்டடம் 1956இல் ஹானின் பெயரை மாத்திரம் பெற்றிருந்தது. 2010இல்தான் இருவரின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டன.

கீழ்த்தளத்திலிருந்து மேல்மாடிக்கு ஏற மைட்னருக்கு இரண்டு ஆண்டுகள் எடுத்தன. பேராசிரியராவதற்கு 19 ஆண்டுகள். கட்டடத்தின் முகப்பில் பெயர் பொறிக்கப்படுவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல். இந்த வரிசையை நாம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அனுமதி முதலில் கிடைக்கின்றது. பதவி பின்னர் கிடைக்கின்றது. செய்த வேலைக்குரிய பெயர் இறுதியாகவே கிடைக்கின்றது. மைட்னர் பெற்ற ஒவ்வொன்றும் தனியொரு மனிதருக்குக் காட்டப்பட்ட சலுகையாகவே வந்தமையால், சலுகை தந்தவர் கையை எடுத்ததும் அது நழுவியது.

எமது சமூகங்களின் பெண்பிள்ளைகளும் இன்று ஆய்வுகூடங்களில் பணியாற்றுகின்றனர். பெற்றோர் எவ்வளவோ சிரமங்களுக்கு மத்தியில் அவர்களைக் கற்பித்து அனுப்புகின்றனர். அங்கு பொறுப்பிலுள்ளோர் தமது சொந்த வேலைத்தளத்தைப் பற்றிச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆய்வை வடிவமைத்தவரின் பெயர் கட்டுரையில் உரிய இடத்தில் இருக்கின்றதா? கூட்டங்களில் குறிப்பெடுக்கும் பணியும் விருந்தினரை உபசரிக்கும் பணியும் யாரிடம் ஒப்படைக்கப்படுகின்றன? பரிசோதனை முடிய இரவாகும்போது அவர் பாதுகாப்பாக வீடு திரும்ப ஏற்பாடு உண்டா? பெண்களுக்குரிய அடிப்படை வசதிகள் கட்டடத்தில் உள்ளனவா? இவை சில்லறை விடயங்கள் எனத் தோன்றலாம். மைட்னருக்கு மறுக்கப்பட்டவை பெரும்பாலும் இத்தகைய விடயங்களே. அவற்றைத் தனியொருவருக்கான சலுகையாக வழங்காமல் அனைவருக்குமான விதியாக ஆக்கும் நிறுவகமே பெண்களை மதிக்கும் நிறுவகமாகும்.